கேள்வியோடு வந்தவர்களுக்கு ஒரு வீடு: லாப்ரியின் எழுபது ஆண்டுகள்

லாப்ரி என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுகிறவர் ஒரு வெளியேற்ற உத்தரவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் ஷாம்பேரி என்றொரு மலைக்கிராமம். அங்கே குடியிருந்த அமெரிக்க மிஷனெரிக் குடும்பம் ஒன்றுக்கு 1955 பிப்ரவரி 14 அன்று அந்த உத்தரவு வந்து சேர்ந்தது. மார்ச் 31 நள்ளிரவுக்குள் வெளியேறிவிட வேண்டும். கிராமத்தில் சமயச் செல்வாக்குச் செலுத்தியதே குற்றம். வாலே கத்தோலிக்க மாநிலம். ஊரில் மதிப்புள்ள ஒருவர் இந்தப் பிரெஸ்பிட்டேரியன் போதகரோடு பேசிப் பேசி மனம் மாறியிருந்தார். குடும்பத்தின் கடைக்குட்டிக்கு அப்போது இரண்டு வயது. முந்தைய ஆண்டுதான் போலியோ தாக்கியிருந்தது.

போதகர் ஃபிரான்சிஸ் ஷேஃபர், 1912இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். மனைவி ஈடித், சீனாவில் ஊழியம் செய்த மிஷனெரிகளின் மகள். பிறந்த ஊரே அங்குள்ள வென்ஜோ. இருவரும் 1948இல் ஐரோப்பாவுக்கு ஊழியத்துக்கு வந்தவர்கள். வந்த மூன்றாம் ஆண்டு ஷேஃபருக்குள் பெரிய குழப்பம். தான் சார்ந்திருந்த சபைப் பிரிவு சத்தியத்துக்காகப் போராடிய அளவுக்கு அன்பைக் காட்டவில்லை என்று அவருக்குப் பட்டது. அப்படியானால் சத்தியம் என்று நம்பியதே சத்தியம்தானா? 1951இல் ஷாம்பேரி வீட்டு வைக்கோல் பரணில், மழை நாட்களில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, தன் விசுவாசத்தை முதலிலிருந்து மறுபடி சோதித்துப் பார்த்தார். கிறிஸ்தவம் உண்மை இல்லையென்றால் ஊழியத்தையே விட்டுவிடுவது என்ற துணிவோடுதான் அதைச் செய்தார். பின்னாளில் சந்தேகக்காரர்களிடம் அவர் காட்டிய பொறுமைக்கு ஊற்று அந்தப் பரண்தான் என்று நினைக்கிறேன். சந்தேகமே படாத போதகர்கள் அப்படிப் பேச முடியாது.

வெளியேற்ற உத்தரவு வந்ததும் வேறு வீடு தேடினார்கள். அடுத்த மாநிலமான வோ, புராட்டஸ்டண்டு மாநிலம். அங்கே உவேமோ என்ற சிற்றூரில் மலைப்பாதை ஓரமாக ஒரு மரவீடு கிடைத்தது. ஆனால் வாடகைக்கு இல்லை, விலைக்கு. கையில் பணமில்லை. ஜெபித்தார்கள், கடல் கடந்து காணிக்கைகள் வந்தன, முன்பணம் கட்டினார்கள். ஷாம்பேரிக்கு மேலே நிற்கும் அதே சிகரங்கள் ரோன் பள்ளத்தாக்குக்கு அப்பால் இந்த வீட்டிலிருந்தும் தெரியும். ஜூன் மாதம் மிஷன் போர்டிலிருந்து விலகினார்கள். புகலிடம் என்று பொருள்படும் லாப்ரி என்ற பெயரை வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களை முடிவு செய்தார்கள்: பணம் கேட்டுக் கடிதம் போடுவதில்லை, ஊழியர்களைத் தேடி அழைப்பதில்லை, விருந்தினரைத் திரட்டுவதில்லை, வருங்காலத் திட்டம் போடுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஜெபம் மட்டுமே. நம் சபைகளில் கட்டட நிதிக்கு நன்கொடைச் சீட்டு அச்சடித்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் மிகையாகவே தோன்றும்.

விருந்தினர் எப்படியோ வந்தார்கள். லோசான் பல்கலைக்கழகத்தில் படித்த மூத்த மகள் பிரிசில்லா, கேள்விகளால் அலைக்கழிந்த தோழிகளை வார இறுதியில் வீட்டுக்கு அழைத்துவந்தாள். அவர்கள் மற்றவர்களை அழைத்தார்கள். 1960 ஜனவரியில் அமெரிக்காவின் டைம் இதழ் கட்டுரை எழுதும் அளவுக்கு அது பெருகியது. நாத்திகர்கள், இருத்தலியல்வாதிகள், பிறகு அறுபதுகளின் போதைப்பழக்கத்தில் சிக்கிய இளைஞர்கள் என்று வந்தவர்கள் பல வகை. எல்லாருக்கும் சமைத்துப் போட்டவர் ஈடித். இதன் விலை என்ன என்பதை ஷேஃபரே எழுதிவைத்திருக்கிறார். முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பொருட்கள் எல்லாம் பாழாகிவிட்டன. படுக்கை விரிப்புகள் கிழிந்தன, கம்பளங்களில் சிகரெட் சுட்ட ஓட்டைகள் விழுந்தன, அறைகளில் வாந்தி எடுத்து வைத்தவர்களும் உண்டு. விசுவாசத்துக்கு நியாயம் சொல்லும் நூல்கள் உலகில் ஆயிரம் இருக்கலாம். இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதியவர்கள் குறைவு.

அந்த வீட்டில் பேசப்பட்டது என்ன? ஷேஃபரின் வாதம் முழுவதும் கடவுளின் இயல்பிலிருந்து தொடங்கும். வேதாகமம் காட்டும் கடவுள் எல்லையற்றவர், அதே சமயம் ஆள்தன்மை உள்ளவர். உலகம் உண்டாவதற்கு முன்பே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகியோரிடையே அன்பும் உரையாடலும் இருந்தன. ஆகவே அன்பு செய்யவும் பேசவும் மனிதன் ஏங்குவது, குருட்டுப் பொருள் தற்செயலாகத் தந்த விபத்தல்ல. திரித்துவத்தை வினாவிடைப் பாடமாக மனப்பாடம் செய்த நமக்கு, அதையே மனித ஏக்கத்துக்கு விடையாக வைக்கும் இந்த முறை இன்றும் புதிதாகவே இருக்கிறது. 1972இல் வந்த ‘அவர் இருக்கிறார், அவர் மௌனமாக இல்லை’ என்று பொருள்படும் நூலில் இதை விரிவாகக் காணலாம்.

அதிலிருந்து கிளைத்தது சுயசித்தம் பற்றிய வாதம். நடத்தையியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் 1971இல் எழுதிய நூலில், மனிதனின் சுதந்திரமும் மாண்பும் பழைய கற்பனைகள், சூழல்தான் அவனை ஆட்டுவிக்கிறது என்று வாதாடினார். மறு ஆண்டே ஷேஃபர் பதில் நூல் எழுதினார்: மனிதன் இயந்திரமல்ல, அவன் தெரிவுகள் வரலாற்றைத் திருப்புகின்றன. இத்தனைக்கும் அவர் முன்குறித்தலை அறிக்கையிடும் கால்வினிய மரபில் வந்தவர். அந்த மரபிலிருந்தே அவருக்கு மறுப்பும் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியில் அவருக்குக் கற்பித்த கொர்னேலியஸ் வான் டில் அவருடைய வாதமுறையை மறுத்தே எழுதினார். தத்துவ வரலாற்றை ஷேஃபர் அவசரமாகச் சுருக்குகிறார் என்று வரலாற்றாசிரியர்களும் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானதே.

அவருடைய முறைக்கு அவரே சொல்லும் உதாரணத்தில் ஓர் இந்தியர் வருகிறார். கேம்பிரிட்ஜில் ஒரு மாணவரின் அறை. சீக்கியப் பின்னணி கொண்ட இந்திய இளைஞர் ஒருவர் கிறிஸ்தவத்தை எதிர்த்துப் பேசினார். உங்கள் தத்துவப்படி கொடுமையும் கொடுமையின்மையும் முடிவில் ஒன்றுதானே என்று ஷேஃபர் கேட்டார். அவர் ஆமென்றார். அறைக்குரிய மாணவர் தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை எடுத்து அந்த இளைஞரின் தலைக்கு நேரே பிடித்து, இரண்டும் ஒன்றுதானே என்றார். இளைஞர் எழுந்து இருளில் வெளியே போய்விட்டார். மேடைகளில் பலமுறை எடுத்தாளப்பட்ட கதை இது. எனக்கு முழுச் சம்மதமில்லை. அந்த நாற்காலியில் ஒரு சைவ சித்தாந்தி இருந்திருந்தால் முதல் கேள்விக்கே இல்லை என்று சொல்லியிருப்பார். பதி, பசு, பாசம் என மூன்றையும் வேறுவேறாக வைத்து வினைக்குப் பொறுப்பு சொல்லும் மரபு அது. இந்தியச் சிந்தனை எல்லாம் ஒரே அத்வைதம் என்று எண்ணியதால் அன்று வாதம் எளிதாக முடிந்தது. உரையாடல் முடிந்ததா என்பது வேறு கேள்வி.

கருக்கலைப்பு இந்த வரலாற்றில் பின்னால்தான் நுழைகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 ஜனவரியில் ரோ வழக்கில் கருக்கலைப்பு உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தபோது, சுவிசேஷச் சபையார் பலர் அதைக் கத்தோலிக்கர் கவலை என்றே ஒதுக்கினார்கள். தென் பாப்டிஸ்டு மாநாடு 1971இல் சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் தீர்மானமே நிறைவேற்றியிருந்தது. ஷேஃபரை இதில் இறங்கத் தூண்டியவர் போலியோவில் பிழைத்த அந்த மகன் ஃபிராங்க்; அப்போது அவர் திரைப்பட இயக்குநர். 1979இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் எவரெட் கூப்புடன் சேர்ந்து ஷேஃபர் உருவாக்கிய நூலும் படத்தொடரும் வெளிவந்தன. கருக்கலைப்பு, சிசுக்கொலை, கருணைக்கொலை மூன்றையும் ஒரே சங்கிலியாக அவை பார்த்தன. கடவுள் ஆள்தன்மை உள்ளவர், மனிதன் அவர் சாயல், கருவும் மனிதனே என்று பழைய வாதத்தின் நேர் நீட்சி. சாக்கடல் உப்புப் பரப்பில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் சிதறிக் கிடக்க, நடுவே கூப் நின்று பேசும் காட்சி பார்த்தவர்களை உலுக்கியது.

உலுக்குவதும் உரையாடுவதும் ஒன்றல்ல. ஸ்கின்னருக்கு எதிராக மனிதத் தெரிவுக்கு அவ்வளவு வாதாடியவர், தெரிவின் முன் தவித்து நிற்கும் தாயை அதே கூர்மையோடு எடுத்துப் பேசவில்லை என்பது என் மனக்குறை. படத்தில் அவளுக்குப் பதில் பேச இடமில்லை. உவேமோ மேசையில் இருந்திருக்கும். அந்தத் தொடருக்குப் பின் ஷேஃபரின் பெயர் அமெரிக்க வலதுசாரி அரசியலோடு ஒட்டிக்கொண்டது. புற்றுநோயோடு போராடி 1984 மே 15 அன்று மினசோட்டா மாநிலத்து ரோச்செஸ்டரில் இறந்தார். ஃபிராங்க் பின்னர் அந்த வலதுசாரி இயக்கத்தையே கைவிட்டு, 2007இல் கசப்பான நினைவுக்குறிப்பு எழுதினார். கூப்பின் பாதை இன்னும் விசித்திரம். அவர் நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் ஆனபின், கருக்கலைப்பு பெண்களின் உடலையும் மனதையும் எப்படிப் பாதிக்கிறது என்று அவரிடம் அறிக்கை கேட்டார் அதிபர் ரீகன். மனநல பாதிப்பு பற்றிக் கிடைத்த ஆய்வுகள் இரு பக்கத்தையும் நிறுவவில்லை என்று 1989 ஜனவரியில் எழுதி அனுப்பினார் கூப். கருக்கலைப்பை எதிர்ப்பதில் அவர் மாறவில்லை. சான்று இல்லாததைச் சொல்ல மறுத்தார். லாப்ரி மரபுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்று இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்கொரியா, அமெரிக்கா என்று கிளைகள் இருக்கின்றன. உவேமோ வீடும் நடக்கிறது. பட்டம் கிடையாது, எல்லாருக்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது. வந்தவரின் கேள்வியைக் கேட்டபின்தான் என்ன படிப்பது என்று ஒரு வழிகாட்டியோடு முடிவாகும். பாதி நாள் படிப்பு, பாதி நாள் வீட்டு வேலை. கடவுள் உண்டா என்று கேட்க வந்தவரும் கருக்கலைப்பைப் பற்றிச் சண்டை போட வந்தவரும் மத்தியானச் சமையலுக்குக் காய்கறி நறுக்கியாக வேண்டும்.