சிறுநீரக நோயில் கால்சிட்ரியால்: குறைந்ததா, குறைக்கப்பட்டதா?

நாள்பட்ட சிறுநீரக நோயாளியின் இரத்தத்தில் கால்சிட்ரியால், அதாவது வைட்டமின் டியின் செயலூக்கம் பெற்ற வடிவம், குறைந்திருக்கும் என்பது மருத்துவ மாணவர் எவரும் அறிந்த செய்தி. ஆனால் அந்தக் குறைவுக்குக் கொள்ளப்பட்ட பொருள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பழுதான சிறுநீரகத்தால் கால்சிட்ரியாலை உருவாக்க முடியவில்லை, ஆகவே பற்றாக்குறை என்றே 1970களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கருதப்பட்டது. நோயின் தொடக்க, நடுக் கட்டங்களில் அது தானாகக் குறைவதைவிட உடலால் குறைக்கப்படுகிறது என்பதையே பின்வந்த சான்றுகள் காட்டுகின்றன. பற்றாக்குறை என்றால் கொடுத்து நிரப்பலாம். உடலே குறைத்தது என்றால், ஏன் குறைத்தது என்று முதலில் கேட்டாக வேண்டும். சிகிச்சையின் போக்கை மாற்றியது இந்தக் கேள்விதான்.

சிறுநீரில் புரதம் கழியும் வளரிளம் பருவத்தினரிடம் காலங்கடந்து தோன்றும், எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் பற்றி லண்டன் அறுவை மருத்துவர் கிளெமென்ட் லூகாஸ் 1883இல் எழுதினார். வைட்டமின் என்ற சொல்லே அன்று இல்லை. 1920களில் வைட்டமின் டி அடையாளம் காணப்பட்டபின் சாதாரண ரிக்கெட்ஸ் மீன் ஈரல் எண்ணெய்க்கு எளிதில் பணிந்தது. சிறுநீரக நோயோடு வந்தது பணியவில்லை. பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் லியு, சூ என்ற இருவர் இந்த நோயாளிகளின் கால்சிய வரவுசெலவை அளந்து 1940களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். வழக்கமான வைட்டமின் டி பலனளிக்காத நோயாளிகளுக்கு, அதற்கு நெருங்கிய உறவான டைஹைட்ரோடாக்கிஸ்டிரால் பலனளித்தது. காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. அந்த மூலக்கூறின் ஒரு வளையம் அரைவட்டம் திரும்பி நிற்கிறது. அதனால், சிறுநீரகம் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்க வேண்டிய இடத்தருகே ஏற்கெனவே ஒன்று வந்து நிற்கிறது. சிறுநீரகத்தின் உதவி அதற்குத் தேவையே இல்லை. பூட்டு இன்னதென்று தெரியும் முன்பே சாவி கிடைத்துவிட்ட கதை இது. கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் 1970இல் பூட்டைக் காட்டினார்கள்: சிறுநீரகம் நீக்கப்பட்ட எலிகளில் அந்தச் செயலூக்கப் பொருள் உருவாகவில்லை, கோழிக்குஞ்சின் சிறுநீரகத் திசுக்கூழ் சோதனைக் குழாயிலேயே அதை உருவாக்கியது. அடுத்த ஆண்டே அதன் வேதியமைப்பும் தெளிவாயிற்று.

இத்தனை தெளிவான கண்டுபிடிப்பு தன்னோடு ஒரு முடிவையும் இழுத்துவந்தது. சிறுநீரகம் ஒரு சுரப்பி, சுரப்பி கெட்டால் ஹார்மோனைக் கொடு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போல. 1972 முதல் கால்சிட்ரியால் பெற்ற நோயாளிகளின் குடல் மீண்டும் கால்சியத்தை உறிஞ்சியது, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும் பாராதைராய்டு ஹார்மோன் இறங்கியது, பலருக்கு எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் விலகின. இந்த வெற்றியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் கால்சிட்ரியால் கால்சியத்தோடு பாஸ்பேட்டையும் குடலிலிருந்து ஏற்றுகிறது. நோயுற்ற சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடிவதில்லை. பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கக் கொடுத்த அலுமினிய மருந்துகள் மூளையையும் எலும்பையும் நஞ்சாக்கியது தெரிந்ததும், 1980களில் அந்த இடத்துக்குக் கால்சியம் கார்பனேட் வந்தது. ஆக, கால்சியம் இரு வழியாகவும் உள்ளே போயிற்று. டயாலிசிஸில் இருக்கும் இளைஞர்களின் இதய நாளங்களைக் குட்மனும் உடன் ஆய்வாளர்களும் படமெடுத்து 2000இல் வெளியிட்டபோது, 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்குச் சுண்ணம் படிந்திருந்தது. படிந்தவர்கள் உட்கொண்ட கால்சியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு.

அதே 2000இல்தான், பரம்பரையாக வரும் ஒருவகை ரிக்கெட்ஸை ஆராய்ந்தவர்கள் எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோனின் மரபணுவைச் சுட்டினார்கள். எலும்பு செல்கள் சுரக்கும் இது, சிறுநீரகம் பாஸ்பேட்டைக் கூடுதலாகக் கழிக்கச் செய்கிறது. கூடவே கால்சிட்ரியால் உற்பத்தியையும் அடக்குகிறது. அமெரிக்காவில் 3,879 சிறுநீரக நோயாளிகளிடம் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 58 மில்லிலிட்டருக்கு இறங்கும்போதே எஃப்ஜிஎஃப் 23 ஏறத் தொடங்கியது. பாராதைராய்டு ஹார்மோனின் ஏற்றம் 47 அளவில்தான் தொடங்கியது. இரத்த பாஸ்பேட் பெரும்பாலோரிடம் இன்னும் இயல்பாகவே இருந்தது. உற்பத்தி செய்ய இயலும் நிலையிலேயே சிறுநீரகத்துக்கு 'நிறுத்து' என்ற உத்தரவு வருகிறது என்பதே இதன் பொருள். நோயுற்ற எலிகளில் எஃப்ஜிஎஃப் 23ஐ எதிர்ப்பொருளால் முடக்கிய 2012ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் அழுத்தமானது. கால்சிட்ரியால் உயர்ந்தது, பாராதைராய்டு ஹார்மோன் இறங்கியது. ஆய்வுக்கூட எண்கள் அழகாயின. ஆனால் பாஸ்பேட் ஏறியது, பெருந்தமனியில் சுண்ணம் படிந்தது, எலிகள் கூடுதலாகச் செத்தன.

ஆகவே கால்சிட்ரியாலைக் குறைப்பது பாஸ்பேட்டுக்கு எதிரான உடலின் தற்காப்பு என்றாகிறது. இந்த வாதத்துக்கு இரு மறுப்புகள் உண்டு. கால்சிட்ரியால் வகை மருந்து பெற்ற டயாலிசிஸ் நோயாளிகள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள் என்று பெரிய பதிவேட்டு ஆய்வுகள் கூறினவே என்பது முதலாவது. அந்த நோயாளிகளைத் தேர்ந்தவர் மருத்துவர்; கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறியவருக்கு மருந்தை நிறுத்திவிடுவார். ஆகவே மருந்து தொடர்ந்தவர்கள் முதலிலேயே நலமாக இருந்தவர்களாக இருக்கலாம். ஜப்பானில் பாராதைராய்டு ஹார்மோன் அதிகமில்லாத 976 டயாலிசிஸ் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது: இதய நாள நிகழ்வுகள் கால்சிட்ரியால் வகை மருந்தான ஆல்ஃபாகால்சிடால் பெற்றோரில் 21.1 சதவீதம், பெறாதோரில் 17.9 சதவீதம். இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று. ஆனால் எதிர்பார்த்த நன்மையும் தென்படவில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது. உடல் குறைத்தது என்பதாலேயே அது நன்மையாகிவிடுமா? ஆகாது. எஃப்ஜிஎஃப் 23 மிகுந்தால் இதயத் தசை தடிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு, தற்காப்புக்கும் விலை இருக்கிறது. நோய் முற்றி உற்பத்தித் திறனே அழிந்தபின் பற்றாக்குறை என்ற சொல்லும் பொருந்தவே செய்கிறது. வெயிலும் உணவும் போதாமல் வரும் வைட்டமின் டி குறைபாடு வேறு. அதைச் சரிசெய்வதை இந்த வாதம் தடுக்கவில்லை.

சிறுநீரக மருத்துவத்துக்கான சர்வதேச வழிகாட்டி அமைப்பான கேடிகோ 2017இல் தந்த பரிந்துரை இந்த வாதத்தோடு ஒத்துப்போகிறது. டயாலிசிஸுக்கு வராதவர்களுக்குக் கால்சிட்ரியாலையும் அதன் வகைகளையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம். நோயின் நான்காம், ஐந்தாம் கட்டங்களில் பாராதைராய்டு ஹார்மோன் கடுமையாகவும் தொடர்ந்தும் ஏறுபவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது.