கருப்பட்டியின் கணக்கு

நம் இளமைக் காலத்தில் வீட்டு அடுக்களையில் இரண்டு கலங்கள் இருந்தன. ஒன்று மண்பானை; அதில் கருப்பட்டி. மற்றொன்று மூடியிட்ட கண்ணாடிக் குப்பி, அதில் சீனி. வீட்டார் அன்றாடம் அருந்தியது கருப்பட்டிக் காப்பி. விருந்தாளி வந்துவிட்டால் மட்டும் சீனிக் குப்பி மேல்தட்டிலிருந்து கீழே இறங்கும். வந்தவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் வீட்டின் மானம் போய்விடும் என்று உம்மா அஞ்சினார்கள். வந்தவரும் தம் வீட்டில் கருப்பட்டிக் காப்பியே குடிப்பவர் என்பது உம்மாவுக்கு நன்கு தெரியும். எனினும் இருவரும் சேர்ந்து சீனியை மதித்தார்கள், கருப்பட்டியை மறைத்தார்கள்.

இன்று நெடுஞ்சாலை ஓரங்களில் ‘கருப்பட்டிக் காப்பி’ என்று பெரிய எழுத்தில் பலகை தொங்குகிறது. சீனி போட்ட காப்பியைவிட அதற்கு விலை அதிகம். விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவினருக்கு ஓலைப் பெட்டியில் கருப்பட்டி வைத்துக் கொடுப்பது மரியாதை ஆகிவிட்டது. ஒரு காலத்தில் ஏழையின் பண்டம் என்று மறைக்கப்பட்டது, இன்று வசதியின் அடையாளமாக முன்னே வைக்கப்படுகிறது. இடையில் பனை மாறவில்லை. மாறியது நம் மதிப்பீடு. அந்த மதிப்பீடு எவ்வாறு உருவாயிற்று, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதை உடன்குடியை முன்வைத்துச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தேரி தந்த இனிப்பு

தாமிரபரணி பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும் செழிக்கும். அந்த நீர் எளிதில் எட்டாத தென்பகுதியில், திருச்செந்தூருக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் அப்பால், செம்மணல் தேரி விரிந்து கிடக்கிறது. 1986இல் தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏர் பூட்ட இயலாத அம்மணலில், உழவும் உரமும் பாய்ச்சலும் வேண்டாமல் வளர்ந்த மரம் பனை ஒன்றே. 1978இல் தமிழக அரசு அதனை மாநில மரமாக அறிவித்தது. அறிவிப்புக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேரிக்காட்டு மக்களுக்கு அதுவே உணவும் கூரையும் விறகும் வருவாயும் ஆகியிருந்தது.

ஆனால் மரம் தானாக இனிப்பைத் தந்துவிடுவதில்லை. பாளை விடும் பருவத்தில் காலையும் மாலையும் மரத்தின் உச்சிக்கு ஏறவேண்டும். பாளையை இடுக்கி நெரித்து, நுனியை மெல்லிதாகச் சீவி, கலயத்தைக் கட்டவேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகும். விலக்கப்பட்டதற்கும் ஆகுமானதற்கும் இடையே ஒரு விரல் சுண்ணாம்புதான் எல்லை. ஒருவர் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது மரம் ஏறி இறங்குவதும் உண்டு. இறக்கிய பதநீரை அன்றே காய்ச்சியாக வேண்டும். விடிலியின் புகையில் மணிக்கணக்காக நின்று, பாகு பதம் வரும்வரை துழாவி, சிரட்டையில் ஊற்றி எடுப்பவர் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேண்டும். ஒவ்வோர் அச்சிலும் ஆணின் உயிர்ப்பயமும் பெண்ணின் கண்ணெரிச்சலும் அடங்கியிருக்கின்றன.

இத்துணை உழைப்புக்கும் சமூகம் தந்த பரிசு இழிவு. 1841இல் இடையன்குடிக்கு வந்து நெடுங்காலம் அங்கே வாழ்ந்த கால்டுவெல், 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் நலனுக்காக உழைத்த அவருடைய ஏட்டிலேயே அவர்களைத் தாழ்த்தும் கருத்துகள் இடம்பெற்றன. பிற்காலத்தில் அச்சமூகத்தார் அதனைக் கடுமையாக எதிர்த்தார்கள். வெளியிலிருந்து வந்தவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம்முடன் பள்ளியில் படித்த ஒரு பனையேறியின் மகன் தன் பையில் கருப்பட்டித் துண்டு கொண்டுவருவான். கை நீட்டி வாங்கித் தின்ற நாமே, அவன் தந்தை மார்பில் மரம் உராய்ந்து ஏற்பட்ட காய்ப்பைச் சொல்லி அவனைக் கேலி செய்தோம். சில நாட்களில் அவன் கருப்பட்டி கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். அன்று நமக்கு அது விளையாட்டு. இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது.

வெண்மை வந்த வழி

சீனியை நம்மவர் ‘அஸ்கா’ என்றும் சொல்வதுண்டு. அஸ்கா என்பது ஓர் ஊரின் பெயர். 1936 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த கஞ்சம் மாவட்டத்து ஊர் அது. இன்று ஒடிசாவில் உள்ளது. அங்கிருந்த ஆலைச் சர்க்கரை புகழ் பெற்று, ஊரின் பெயரே பண்டத்தின் பெயராகித் தமிழர் நாவில் ஏறிவிட்டது. எங்கோ இருந்த ஆலையின் பெயர் நம் அடுக்களைக்குள் புகுந்தபோது, அண்டைத் தேரியில் கருப்பட்டி காய்ச்சியவரின் பெயர் நமக்குத் தெரியாமலே இருந்தது.

ஆலை தொலைவில் மட்டும் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை ஒன்று குலசேகரன்பட்டினத்தில் இயங்கியது. அதற்காகவே திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஒரு குறுகிய இருப்புப்பாதை அமைந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஓடத் தொடங்கிய அந்தச் சிற்றிரயில் 1940இல் நின்றுபோயிற்று. தேரியின் இனிப்பை ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் முதன்மைப் பணி. கருத்த பண்டம் உள்ளே போயிற்று. வெளுத்த பண்டம் வெளியே வந்தது. பனையின் இனிப்பே ஆனாலும் வெளுத்தால்தான் பெரிய சந்தையில் அதற்கு இடம் என்ற பாடத்தை அந்த ஆலை கற்பித்தது எனலாம்.

பின்னர் 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சர்க்கரைக்குத் தீர்வை உயர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் இந்தியாவில் கரும்பாலைகளின் எண்ணிக்கை மும்மடங்குக்கு மேல் பெருகியது. சட்டமும் கடனும் பாசனமும் ஆலையின் பக்கம் நின்றன. நாடு விடுதலை பெற்ற பின்னும் பங்கீட்டுக் கடையில் சலுகை விலையில் கிடைத்தது சீனியே. தமிழகப் பங்கீட்டுக் கடைகளில் கிலோ 13 ரூபாய் 50 காசாக இருந்த சீனி, 2017 நவம்பரில்தான் 25 ரூபாய் ஆயிற்று. இடையறாது தாங்கிப் பிடிக்கப்பட்ட பண்டத்தோடு, தாங்குவாரற்ற பண்டம் போட்டியிட்டது. பிறகு நாம் சீனி மலிவு, கருப்பட்டி விலை கூடுதல் என்று தீர்ப்புச் சொன்னோம்.

இந்தக் கணக்கை அன்றே சரியாகப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, காந்தியடிகளின் பொருளியல் துணைவராக விளங்கி, மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1960இல் மறைந்த ஜே. சி. குமரப்பாவே அவர். 1934இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வாயிலாகப் பனைவெல்லத்தை ஊக்குவித்தவர். நெல் விளையக்கூடிய நன்செய் நிலத்தைக் கரும்புக்குக் கொடுப்பானேன், தரிசில் நிற்கும் பனை அதே இனிப்பைத் தருகிறதே என்பது அவர் தரப்பு வாதம். பண்டத்தை வாங்குகிறவன் அதன் பின்னுள்ள நீதிக்கும் அநீதிக்கும் பொறுப்பாளியாகிறான் என்றும் அவர் வலியுறுத்தினார். நாம் அவரைப் போற்றினோம். அவர் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

பெயரில்லாத வட்டி

ஆலையும் அரசும் செய்ததைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பனைத்தொழில் ஆண்டில் சில மாதங்களே நடைபெறும். மழைக் காலத்தில் அடுப்பு எரியாத வீடுகள் வணிகரிடம் முன்பணம் வாங்கும். வாங்கியவர் பருவத்தில் தம் கருப்பட்டியை அதே வணிகரிடமே போடவேண்டும். விலையை வணிகரே வைப்பார். சந்தையில் விற்கும் விலைக்கும் பனையேறிக்குக் கிடைக்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். மரம் பிறருடையதாயின் பாட்டமும் அதிலிருந்தே போகவேண்டும். பருவம் முடியும்போது கடன் தீராது. மறு மழைக்கு மறுபடியும் முன்பணம்.

இத்தகைய வணிகர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள், நம்மிலும் இருந்தார்கள். வட்டி என்ற சொல்லை ஏட்டில் எழுதுவதற்கே அஞ்சும் இறையச்சம் கொண்டவர்கள், விலையைக் குறைத்துப் பிடிக்கும்போது அஞ்சவில்லையே! கணக்கேட்டில் வட்டி என்ற பத்தி இல்லை. ஆனால் ஏழையின் வீட்டில் அதன் விளைவு இருந்தது. பெயரை நீக்கிவிட்டால் பாவமும் நீங்கிவிடுமா என்ற வினாவை அந்நாளில் நம் மேடைகளில் எவரும் உரக்கக் கேட்டதாக நினைவில்லை.

ஆகவே, பனையேறியின் மகன் மரம் ஏறாமல் பள்ளிக்குச் சென்றதும், கடை வைத்ததும், தூத்துக்குடிக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் புறப்பட்டதும் குறையன்று. அது அவன் உரிமை. அவன் போய்விட்டான் என்று வருந்துவோர், அவன் இருக்கத்தக்க நிலையை நாம் உண்டாக்கினோமா என்று முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏறுவாரற்ற மரங்கள் செங்கற் சூளைக்கு விறகாயின. பலன் தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரத்தை ஒரு பொழுதில் வெட்டிச் சாய்த்தோம்.

புகழும் கலப்படமும்

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. 2021இல் தமிழக அரசு முதன்முறையாக வெளியிட்ட வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் கூறப்பட்டது. இவை மகிழத்தக்கவை, ஐயமில்லை.

ஆனால் புகழ் வந்தவுடன் போலியும் வந்துவிட்டது. கருப்பட்டிக்கும் சீனிக்கும் விலையில் பன்மடங்கு வேறுபாடு இருப்பதால், சீனியைக் காய்ச்சி நிறமேற்றிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி என்று விற்கிறார்கள். அண்மையில் நாமும் ஒரு கடையில் ‘அசல்’ என்ற சொல்லை நம்பி அதிக விலை கொடுத்து வாங்கி வந்தோம். வீட்டில் உடைத்தபோது உள்ளே சீனியின் மணிகள் மின்னின. அன்று கருப்பட்டியை மறைத்துச் சீனியைக் காட்டினோம். இன்று சீனியை மறைத்துக் கருப்பட்டியைக் காட்டுகிறார்கள். இரண்டு காலத்திலும் உண்மையாக மரம் ஏறியவனுக்கே இழப்பு. கலப்படக்காரன் வைக்கும் விலையோடு அவன் போட்டியிட இயலாது.

இன்னொரு மயக்கமும் பரவியுள்ளது. கருப்பட்டி எத்துணை உண்டாலும் கேடில்லை, நீரிழிவுக்கு அது மருந்து என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். கருப்பட்டியும் இனிப்பே, நீரிழிவாளர் அதனையும் அளவோடு எண்ணவேண்டும். ஒரு பண்டத்தை மதிப்பதற்குப் பொய் தேவையில்லை. அதன் பின்னுள்ள உழைப்பே மதிப்புக்குப் போதுமான காரணம்.

நம் கடமை

நுகர்வு மோகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வீண்விரயம் கூடாது என்கிறோம், நல்லது. கலியாணப் பந்தியில் பாதி தின்று எறியப்படும் இனிப்பும், மூடி திறந்து ஒரு மிடறு குடித்து வைக்கப்படும் தண்ணீர்ப் புட்டிகளும் நம் கண்முன் நிற்கின்றன. எனினும் விரயம் என்பது இலையில் மிஞ்சுவது மட்டுமா? ஒருவனுடைய உழைப்பை வாங்கி அதற்குரிய மதிப்பைக் கொடாமல் விடுவதும் விரயமே அன்றோ? முன்னது உணவின் விரயம். பின்னது மனிதனின் விரயம்.

செய்யத்தக்கவை பெரியவை அல்ல. வாங்கும்போது எவர் காய்ச்சியது என்று ஒரு சொல் கேட்கலாம். இயன்றவர் விடிலிக்கே சென்றோ, கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கலாம். வசதியுள்ள வணிகர், முன்பணம் கொடுத்தால் விலையைக் குறைக்காமல் கொடுக்கலாம். அது கொடுத்தவருக்கும் பரக்கத்தாக அமையும். பெருநாளில் வட்டிலப்பம் செய்யும் வீட்டில், அதிலுள்ள கருப்பட்டி எவ்வாறு வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தரிசு நிலம் உடையவர் பத்துப் பனங்கொட்டையை ஊன்றலாம். நட்டவர் அதன் பதநீரைக் குடிப்பது அரிது. பேரப் பிள்ளைகள் குடிப்பார்கள்.

உடன்குடியைச் சுற்றி இன்று அனல்மின் நிலையம் எழுகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிற்றிரயில் ஓடிய மண்ணிலிருந்து விண்கலம் புறப்படும் நாள் வரட்டும், வாழ்த்துவோம். அந்த நாளிலும் அதிகாலையில் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஒருவர் மரம் ஏறுவாராயின், அவர் மகன் தன் பையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு நாணமின்றிப் பள்ளிக்குப் போகவேண்டும். அவனோடு படிக்கும் நம் பிள்ளைகள் கை நீட்டி வாங்கித் தின்னும்போது, நாம் சொல்லாமல் விட்ட நன்றியை அவர்களாவது சொல்லட்டும்.