நிலாவில் தொலைந்த வண்டி

எட்டுச் சக்கரம் வைத்த அண்டா மாதிரி ஒரு வண்டி, லுனாகோத்-1. 1970 நவம்பரில் சோவியத் யூனியன் அதை நிலாவில் இறக்கி, பூமியிலிருந்தே ஓட்டியது. 1971 செப்டம்பரில் பேச்சுமூச்சு நின்றது. அவ்வளவுதான், போச்சு!

ஆனால், வண்டியில் பிரெஞ்சுக்காரர்கள் செய்த கண்ணாடி இருந்ததே! வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். லேசரை அடித்து, திரும்பிவரும் நேரத்தை (சுமார் இரண்டரை விநாடி) அளந்தால் தூரம் கிடைத்துவிடும். ரேடார் வேலைதான், ரேடியோ அலைக்குப் பதில் ஒளி. சரி, எங்கே அடிப்பது? அமெரிக்காவின் டாம் மர்ஃபி குழு பல கிலோமீட்டர் தள்ளித் தேடிக்கொண்டிருந்தது, பாவம்!

2010 மார்ச்சில் நாசா விண்கலத்தின் படத்தில் வண்டி அகப்பட்டது. ஏப்ரல் 22, நியூ மெக்ஸிகோவிலிருந்து லேசர் பாய்ந்தது. முதல் முயற்சியிலேயே சுமார் 2,000 ஒளித்துகள்கள் திரும்பின. தொலையாமல் இருந்த தம்பி லுனாகோத்-2 அதுவரை அவர்களுக்குத் தந்த அதிகபட்சம் எவ்வளவு தெரியுமா? வெறும் 750!