வீட்டு நினைவும் நாட்டு வரலாறும்

வரலாறு என்னும் சொல் வந்த வழியைக் குறிப்பது. மன்னர் வந்த வழி வரலாறாயின், மக்கள் வந்த வழியும் வரலாறேயாம். ஆயினும் நம் பள்ளி மாணவரை நோக்கி, அண்ணாமலையார் திருக்கோயிலின் கீழைக் கோபுரத்தை எடுக்கத் தொடங்கியவர் யாரென்று வினவின், கிருஷ்ணதேவராயர் என்பர். நிறைவேற்றியவர் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் என்பர். உயரம் 217 அடி என்றும் தடையின்றி உரைப்பர். அம்மாணவரையே நோக்கி, நின் பாட்டனாரின் தந்தையார் பெயர் யாது, அவர் எத்தொழில் செய்தார், எவ்வூரிலிருந்து இவ்வூர் வந்தார் என வினவின், பெரும்பாலோர் வாய் திறவார். பல ஆண்டுகளாக வகுப்பறையில் யாம் கண்டுவரும் நிலை இது. குறை மாணவருடையதன்று. அவர்க்குச் சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லிற்றிலர். சொன்னவரும் எழுதி வைத்திலர். ஆதலின், எளிய குடும்பத்தார் தம் நினைவுகளைச் சுருக்கமாகவேனும் எழுதிவைத்தல் வேண்டுமென்பதனைச் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

இது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. தொல்காப்பியம் போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையை ஆறு துறைகளாக வகுத்தோதிற்று. அம்மரபிற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஊர்க்கு மேற்கேயுள்ள செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகப் பல கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் துறை 1972ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்துச் ‘செங்கம் நடுகற்கள்’ என நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாட்டப்பெற்றது. கருந்தேவக்கத்தி என்பான் தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்டான் என்றும், அவனோடிருந்த கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அக்கல் கூறுகின்றது. வீரனுருவின் அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

இக்கல்வெட்டு நீண்டதன்று, சில வரிகளே. எனினும் அதன்கண் ஆண்டு உளது, ஆள் பெயர் உளது, நிகழ்ச்சி உளது, நாயின் பெயரும் உளது. பல்லவப் பேரரசனைப் பற்றிய செய்தி இக்கல்லின்றியும் நமக்குக் கிடைக்கும். கருந்தேவக்கத்தியைப் பற்றிய செய்தி இக்கல்லன்றி வேறெங்கும் கிடையாது. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னர் எருமை காத்த ஒருவன் இன்றும் நம்மோடு பேசுகின்றான் எனின், அவன் சுற்றத்தார் நாலு வரி எழுதுவித்தமையே அதற்குக் காரணமாம்.

எழுதாமையால் இழந்தவற்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். அருணகிரிநாதர் தோன்றிய தலம் நம் திருவண்ணாமலை. அவர்தம் திருப்புகழ் தமிழ் வழங்கும் இடமெல்லாம் வழங்குகின்றது. பிரபுடதேவ மாராயர் என்னும் விசயநகர வேந்தரை அவர் பாடலிற் குறித்தமையால், பதினைந்தாம் நூற்றாண்டினர் என்பது துணியப்படும். அதற்கு மேல் அவரைப் பற்றி நாம் கூறுவனவெல்லாம் கர்ணபரம்பரைச் செய்திகளே. அவர் எத்தெருவில் வாழ்ந்தார், யார் அவர்க்கு உணவளித்தார், பாடல்களை ஏட்டில் எழுதியவர் யாவர் என்பன எவர்க்கும் தெரியா. அடுத்த வீட்டார் ஒருவர் ஓரேடு எழுதி வைத்திருப்பின், நம் ஊர்க்கு அதனினும் பெரிய செல்வம் யாது?

மற்றொன்று காண்போம். 1767ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கர்னல் ஜோசப் ஸ்மித் நடத்திய ஆங்கிலப் படையும், ஹைதர் அலியும் ஐதராபாத்து நிஜாமும் சேர்ந்து நடத்திய படையும் நம் ஊர்ப்புறத்தே பொருதன. சரித்திர நூல்கள் இதனைத் திருவண்ணாமலைப் போர் எனக் குறிக்கின்றன. படைகளின் தொகையும் தலைவர் பெயர்களும் அவற்றுள் உள. அன்று ஊரார் எங்கே ஓடி ஒளிந்தனர், விளைந்த பயிர் யாதாயிற்று, கோயிற் பூசை நடந்ததோ நின்றதோ, தாய்மார் குழந்தைகளுக்கு எதனை ஊட்டினர் என்று அந்நூல்களில் தேடின், விடை காணோம். போர் நம் வாயிலில் நடந்தது. அதனை எழுதியவர் பிறர்.

அதே நூற்றாண்டில் புதுச்சேரியில் ஒருவர் எழுதினார். அவரே ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ஆம் ஆண்டு பிறந்த இவர் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக விளங்கியவர். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி, 1761 சனவரியில் தாம் மறையும் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதிவந்தார். புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டதும் அதே சனவரித் திங்களிலேயாம். கப்பல் வந்ததும் சரக்கு இறங்கியதும், திருமணமும் சாவும், சகுனமும் சோதிடமும், கவர்னர் மாளிகைப் பேச்சும் கடைத்தெருப் பேச்சும் அவர் குறிப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது நிகழ்ந்தவற்றை உடனிருந்த தமிழர் ஒருவரின் சொல்லாலேயே நாம் இன்று அறிகின்றோமெனின், அஃது இந்நாட்குறிப்பின் பயனே. கம்பெனியாரின் கடிதங்கள் அதனை அவ்வாறு கூறமாட்டா.

இந்நாட்குறிப்பு 1846இல் வெளிப்பட்டது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். மூலத் தமிழோ பின்னரே அச்சேறத் தொடங்கிற்று. இலண்டன் மாநகரில் சாமுவேல் பீப்ஸ் என்பார் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பை ஆங்கிலேயர் பெரிதும் போற்றுவர். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயை அவர் கண்ணாலேயே இன்றும் உலகம் காண்கின்றது. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க தமிழர் ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பது நமக்குப் பெருமையே. ஆனால் அவர்போற் பலர் இல்லாமை நமக்குக் குறையே.

ஆனந்தரங்கர் செல்வர், அரசியலில் தொடர்புடையவர். எளியோர் வாழ்வில் எழுதுதற்கு யாதுளது எனச் சிலர் வினவலாம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1940 சனவரி முதல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதிவந்தார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறவில்லை, 1950இல் நூலாயிற்று. சங்க நூல்களைப் பதிப்பித்த வரலாறு அதில் உளதென்பதை யாவரும் அறிவர். ஆனால் படித்தார் நெஞ்சில் ஊன்றி நிற்பன சிறு நிகழ்ச்சிகளே. தலபுராணங்கள் பல பாடிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் எண்ணெய் முழுக்கிற்காகப் பலகையில் அமர்ந்து காத்திருக்க, வீட்டில் எண்ணெய் இல்லாதிருந்த ஒரு காலைப் பொழுதை ஐயரவர்கள் எழுதியுள்ளார். பெரும்புலவரின் வறுமையை விளக்க நூறு வரி புலம்பியிருப்பினும் அவ்வொரு செய்திக்கு ஈடாகாது. உடனிருந்த மாணாக்கர் நினைவில் வைத்து எழுதியமையால் அது வரலாறாயிற்று. அவர்தம் ‘நினைவு மஞ்சரி’ போன்ற தொகுப்புக்களும் இவ்வாறமைந்த சிறு நினைவுகளேயாம்.

இனி நம் ஊர்க்கே மீள்வோம். 1896 ஆகஸ்டு 29ஆம் நாள் மதுரையினின்று பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் வீடு துறந்து புறப்பட்டார். செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்தடைந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் போற்றிய அவர், புறப்படுமுன் ஒரு சிறு கடிதம் எழுதி வைத்தார். தந்தையைத் தேடிச் செல்வதாகவும், தம்மைத் தேட வேண்டாவென்றும் கூறிய அக்கடிதத்தின் முடிவில், தமையனாரின் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லையென்றும், இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறதென்றும் குறித்திருந்தார். கட்டுவதற்கெனப் பெற்ற ஐந்து ரூபாயில் வழிச்செலவிற்கு மூன்று ரூபாயே எடுத்துக்கொண்டார். துறவின் பெருமையைப் பின்னோர் பலபடப் பாடினர். ஆயினும் அந்த இரண்டு ரூபாய்க் கணக்கன்றோ அந்நாளை நம் கண்முன் நிறுத்துகின்றது!

அவர் ஆசிரமத்தில் 1945 முதல் சூரி நாகம்மா என்னும் அம்மையார் அன்றாடம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தெலுங்கில் கடிதங்களாகத் தம் தமையனார்க்கு எழுதிவந்தார். நூலெழுதும் நோக்கமின்றி, உடன்பிறந்தார்க்கு எழுதும் எளிமையோடு எழுதியவை அவை. வேதாந்த விசாரத்தோடு அணிலும் குரங்கும் பசுவும் அவற்றில் இடம்பெற்றன. 1948 சூன் 18ஆம் நாள் மறைந்த லட்சுமி என்னும் பசுவிற்கு ஆசிரமத்தில் இன்றும் சமாதி உளது. எடுத்தனூரில் நாய்க்குக் கல்லும், அருணையில் பசுவிற்குச் சமாதியும் கண்ட நாட்டில், மனிதர் பெயரும் வாழ்வும் எழுத்தின்றி மறைதல் முறையோ?

எழுதுதற்கு இடையூறாக நம்மவர் கூறும் தடைகள் மூன்று. தன்னைப் பற்றி எழுதுதல் தற்புகழ்ச்சியாகும் என்பது முதல் தடை. நன்னூலார் தன்னைத் தான் புகழ்தல் தகாதென விலக்கினார். நான்கிடங்களில் அதற்கு விதியும் கூறினார். ஆனால் கண்டதைக் கண்டவாறு கூறுதல் புகழ்தலாகாது. அது சான்று பகர்தல். சான்றாளன் வாய்மூடி நிற்பின் வழக்குத் தோற்கும். பெரிய நிகழ்ச்சி ஒன்றும் எம் வாழ்வில் இல்லை என்பது இரண்டாந் தடை. அதற்கு விடை மேலே கூறினாம்: எண்ணெய் இல்லாத காலைப்பொழுது பெரிய நிகழ்ச்சியோ? இலக்கண வழுவின்றி எழுத வாராது என்பது மூன்றாந் தடை. ஆனந்தரங்கர் எழுதியது தம் காலத்துப் பேச்சுத் தமிழே. அதனாலன்றோ அக்காலத்தார் பேசிய சொற்கள் நமக்குக் கிட்டின! தமிழ் பயிற்றும் எம்போன்றார் வழுவைத் திருத்திக்கொள்ளலாம். எழுதப்படாததை எவராலும் திருத்தவியலாது.

இவற்றினும் வேறொரு தடை உண்டு. அது நம்போன்ற சங்கங்கட்கே உரியது. தத்தம் குலம் மன்னர் வழியில் வந்தது என நிறுவுதற்குச் சங்கங்கள் பல செப்பேடும் புராணமும் தேடிப் பெருமுயற்சி செய்துள்ளன. அம்முயற்சியிற் செலவிட்ட காகிதத்தில் ஒரு பங்கு, நம் பாட்டிமார் சொன்னவற்றை எழுதச் செலவாயிற்றில்லை. தாது வருஷத்துப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்தது. அப்பஞ்சத்திற் பிழைத்தவர் வழியினரே நம்மிற் பெரும்பாலோர். அவர் என்ன உண்டு பிழைத்தனர் என்பது நம்மில் எத்துணைப் பேர் அறிவர்? அரசரின் வழித்தோன்றல் என்பது ஐயத்திற்குரியது. பஞ்சத்திற் பிழைத்தாரின் வழித்தோன்றல் என்பது மெய். மெய்யை விடுத்து ஐயத்தைப் போற்றுதல் அறிவுடையார்க்கு அழகன்று.

எழுதும் முறையையும் சுருங்கக் கூறுவோம். ஒரு நினைவிற்கு ஒரு பக்கம் போதும். ஆண்டும் ஊரும் முதலிற் குறிக்க. ஆண்டு தெரியாவிடின், இன்ன புயலுக்குப் பின், இன்னார் திருமணத்திற்கு முன் எனக் குறிப்பினும் அமையும். தாம் கண்டது இது, பிறர் சொல்லக் கேட்டது இது எனப் பிரித்தெழுதுக. விலையும் கூலியும் அளவும் நினைவிலிருப்பின் விடாது எழுதுக. வீட்டுப் பெண்டிரை வினவியே அடுக்களைச் செய்தியும் பிள்ளைப்பேற்றுச் செய்தியும் எழுதுக. ஆடவர் நினைவில் அவை நில்லா. நாணத்தக்கதென ஒன்றை மறைத்து, வேறொன்றைப் புனைந்து வைத்தலினும், எழுதாது விடுதலே நன்று.

எழுதத்தக்கவை நம் ஊரில் எத்துணையோ உள. இன்று பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் மலை வலம் வருகின்றனர். அவ்வழி ஆளரவமின்றி இருட்டிக் கிடந்த நாட்களை நினைவுகூர வல்ல முதியோர் இன்னும் உளர். 1957இல் புதுக்காசு வருமுன் அணாக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர் உளர். திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989ஆம் ஆண்டிற்கு முன், கலெக்டர் கச்சேரிக் காரியத்திற்கு வேலூர் சென்று காத்துக் கிடந்தவர் உளர். கார்த்திகைத் தீபத்து மாட்டுச் சந்தைக்குத் தந்தையாரோடு நடந்து வந்து காளை பிடித்துச் சென்றவர் உளர். ஆண்டுதோறும் இவர் தொகை குறைந்து வருகின்றது. ஒரு முதியவர் மறையும்போது ஈமக்கடன் யாவும் குறைவின்றிச் செய்கின்றோம். அவர் அறிந்தவற்றை மட்டும் அவரோடு போகவிடுகின்றோம்.

ஆதலின் சங்கத்து அன்பர்காள்! வரும் தை முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டு முதியோர் ஒருவரிடம் அமர்ந்து ஒரு பக்கம் எழுதுக. எழுத அறியாத முதியோர்க்குப் பள்ளியில் பயிலும் பேரப்பிள்ளைகள் கைகொடுக்க. படியொன்று வீட்டில் வைத்து, மற்றொரு படியைச் சங்கத்திற்கு அளிக்க. திங்கள்தோறும் அவற்றுள் ஒன்றிரண்டிற்கு இவ்விதழில் இடமளிக்குமாறு பத்திராதிபரவர்களையும் வேண்டிக்கொள்கின்றோம். தாளும் எழுதுகோலும் எல்லார் வீட்டிலும் உள. முதியோர் இருக்கும் வீட்டார் காலந்தாழ்த்தாது தொடங்குவாராக.