கோயில் மணி (வேலணையும் அயல் தீவுகளும்)

யாழ்ப்பாணத் தீவகக் கத்தோலிக்கர் தம் ஆலயத்தைக் கோயில் என்றே சொல்வர். வேலணை, சாட்டி, அல்லைப்பிட்டி, ஊர்காவற்துறை ஆகிய ஊர்கள் ஒரே தீவில் உள்ளன. ஒல்லாந்தர் அதற்கு லைடன் எனப் பெயரிட்டனர். மூவேளைச் செப மணி காலை, நண்பகல், மாலை வேளைகளில் மும்மூன்றாக மூன்று முறையும் பின்னர் தொடர்ச்சியாகவும் அடிக்கப்படும். துக்கமணி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விழும்.

1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் காலத்தில் தீவுகளிலும் கோயில்கள் எழுந்தன.

1658 இல் ஒல்லாந்தர் வந்தபின் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அக்காலத்தின் முதன்மைச் சான்று, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயஸ் பாதிரியார் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூல். பழைய கோயில்கள் சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறியதை அது காட்டுகிறது. 1687 இல் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் மறைவாகத்தான் பூசை வைத்தார். கூடும் நேரம் வாய்ச்சொல்லாகவே பரவியிருக்க வேண்டும். மணி அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒல்லாந்தர் காலத்தில் ஒலித்த ஒரு மணியைத் தனித்துக் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டையில் 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் ஆலயத்தில் தொங்கிய அம்மணியின் மேல் 'யாழ்ப்பாணப்பட்டினத்து அற்புத மாதா, 1648' என்று பொருள்படும் போர்த்துக்கேய எழுத்து இருந்தது. போர்த்துக்கேயரின் அற்புத மாதா கோயிலிலிருந்து எடுக்கப்பட்டதாக அது கருதப்படுகிறது. மாதா வணக்கத்தைத் தடைசெய்தோரைத் தலைமுறை தலைமுறையாக வழிபாட்டுக்கு அழைத்தது மாதாவின் பெயர் தாங்கிய மணி. அந்த எழுத்தை யாரும் அரத்தால் தேய்க்கவில்லை.

1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமானது. 1806 இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். அமலமரித் தியாகிகள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் 1847 இல் இலங்கைக்கு வந்தனர்.

புதிய மணியை ஏற்றுமுன் ஆயர் மந்திரிப்பார். பழைய முறைப்படி வெளிப்புறத்தில் ஏழு இடங்களிலும் உட்புறத்தில் நான்கு இடங்களிலும் தைலம் பூசி, ஒரு புனிதரின் பெயரைச் சூட்டுவர். மணி செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். உப்புக்காற்றில் அது பச்சை பூத்தாலும் நெடுங்காலம் நிற்கும். முதலில் துருப்பிடிப்பது இரும்பாலான நாக்குத்தான். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடித்து ஓய்ந்த மணி, உயிர்ப்புத் திருவிழிப்பில் அதே கீதம் தொடங்கும்வரை வாய் திறவாது. இடைப்பட்ட நாட்களில் மரக்கொட்டு அதன் வேலையைச் செய்யும். ஆண்டின் மணியோசைகளில் இனியது அந்த இரவு ஓசையே.

சாட்டியில் உள்ள கோயில் சிந்தாத்திரை மாதாவுக்குரியது. சிந்து யாத்திரை, அதாவது கடற்பயணம், என்பதே இப்பெயரின் மூலம் என்பர்.

1990 இல் உள்நாட்டுப் போர் தீவுகளை வெறுமையாக்கியது. 2006 ஓகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன. இறந்தோர் பதினைந்து பேருக்குக் குறையாது என அக்காலச் செய்திகள் கூறின. அதே மாதம் 20 ஆம் திகதி பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார்.

பதிவுசெய்த மணியோசையை ஒலிபெருக்கியில் விடும் வழக்கமும் அண்மைக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வந்துள்ளது.