ஜெஃப்ரி பாவா

ஜெஃப்ரி பாவா (23 ஜூலை 1919 – 27 மே 2003) கொழும்பில் பிறந்த இலங்கைக் கட்டடக் கலைஞர். நவீனக் கட்டடக் கலையை ஓட்டுக்கூரை, தாழ்வாரம், நடுமுற்றம் ஆகியவற்றோடு பொருத்திக் காட்டியவர். கட்டடத்தை முடித்தபின் சுவரை நிரப்ப ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைக்காமல், வரைபட மேசையிலேயே உட்கார வைத்தவர்.

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு லண்டனில் வழக்கறிஞரானார். அந்தத் தொழில் அவருக்கு ஒட்டவில்லை. 1948இல் பெந்தோட்டை அருகே லுனுகங்கா என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார். நினைத்த தோட்டத்தை அமைக்கத் தனக்குத் தொழிலறிவு போதாது என்று கண்டு மறுபடி மாணவரானார். லண்டனில் கட்டடக் கலை படித்துத் தேறிய 1957இல் வயது 38. கொழும்பு திரும்பி எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் பங்குதாரரானார்.

அந்த அலுவலகத்தின் வரைபடங்கள் தனிப் புகழ் பெற்றவை. லக்கி சேனநாயக்க, இஸ்மெத் ரஹீம் போன்ற கலைஞர்கள் மனையில் நிற்கும் மரங்களை இன்ன மரமென்று தெரியும்படி இலை இலையாக மையில் வரைந்தார்கள். கட்டடத்தைவிட மரம் கண்ணில் படும். மரத்தை வெட்டாமல் சுவரை ஒதுக்கும் பாவாவின் வழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பாவா வடிவமைத்த கட்டடங்களுக்குள்ளும் கலைஞர்களின் கை தெரியும். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து உட்கூரையை எனா டி சில்வாவின் பத்திக் துணிகள் நிறைத்தன. கோட்டேயில் உள்ள இலங்கை நாடாளுமன்ற (1979–82) மண்டபத்தில் தொங்கும் வெள்ளிச் சரவிளக்கு லக்கியின் கைவண்ணம். கண்டலம ஹோட்டலின் பெரிய ஆந்தையும் அவருடையதே. காலி லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல் படிக்கட்டில் அவர் 1630இன் ரந்தெனிவெலப் போரையே நிறுத்திவிட்டார்: ஏறுபவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் போர்த்துக்கேயரும் சிங்களரும் மோதுகிறார்கள். எந்த அலங்காரமும் இல்லாத வெள்ளைச் சுவர் சூழ்ந்திருப்பதால்தான் அந்த ஆரவாரம் எடுபடுகிறது.

தமிழ்நாட்டில் மதுரை கிளப்பும் சென்னை கன்னிமாரா ஹோட்டலின் விரிவாக்கமும் பாவா வடிவமைத்தவை. 2001இல் ஆகா கான் விருதுக் குழு அவருடைய வாழ்நாள் பணிக்குத் தலைவரின் சிறப்பு விருதை அளித்தது.

எனாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய நடுமுற்ற வீடு பின்னாளில் விற்கப்பட்டபோது, அதன் பகுதிகளுக்கு எண்ணிட்டுக் கழற்றி லுனுகங்காவுக்குக் கொண்டுபோய் மீண்டும் எழுப்பினார்கள்.