நின்றுபோன கல்யாணம்

சென்ற இதழை 1858 டிசம்பரில் நிறுத்தியிருந்தேன். விக்டோரியா ராணியின் அறிக்கை நவம்பர் முதல் தேதி வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தென்திருவிதாங்கூர்ச் சந்தைகளில் நாடார் பெண்களின் தோள்சீலையைப் பிடித்திழுத்துக் கிழித்துவிட்டார்கள். இந்த வாரம் திருவிதாங்கூர் அரசின் 1859 ஜூலை 26-ம் நாள் அறிக்கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரு கேள்வி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பெண் மாரை மறைக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரம் சொன்னது?

எனக்குத் தெரிந்த எந்த ஸ்மிருதியிலும் அப்படி ஒரு விதி இல்லை. மேலே இருப்பவர் முன்னால் மேலுடம்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்பது இந்த மண்ணின் வழக்கம். சுசீந்திரத்திலும் குமரியிலும் இன்றைக்கும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குள் போகிறோம். அது சாமிக்குக் காட்டும் பணிவு. அந்தப் பணிவை ஒவ்வொரு படியிலும் மேலே இருந்த மனிதன் தனக்கு வாங்கிக்கொண்டான். நாயர் பெண் நம்பூதிரி முன்னால் சீலையை விலக்கினாள். நாடார் பெண்ணுக்கோ ஊரில் எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பாலோர் மேலே இருப்பவர்கள். ஆகவே அவளுக்குச் சீலையே கூடாது என்றாகிவிட்டது. சாமிக்கு உரியதை மனிதன் எடுத்துக்கொண்டு, அதற்கு மதத்தின் பெயரையும் சூட்டிய அநியாயம் இது. இதற்கு வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1829 பிப்ரவரி 3-ம் தேதி அறிக்கையைப் பாருங்கள். நாடார் பெண்கள் மேல்சீலை போடுவது முறையல்ல. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஊழியம் வழக்கம்போல் செய்தாக வேண்டும். அனுமதி இல்லாமல் ஜெபவீடு கட்டக் கூடாது. உடை, கூலியில்லா வேலை, வழிபாடு மூன்றையும் ஒரே காகிதத்தில் கட்டிவைத்தார்கள். அன்றைக்கு நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் ரீஜண்ட் ராணி கௌரி பார்வதி பாய். ஒரு பெண்ணின் பெயரில்தான் இது வெளிவந்தது. அவரை நான் வில்லியாகப் பார்க்கவில்லை. கோயிலும் கச்சேரியும் ஒரே குரலில் பேசும் அரண்மனையில், அரியணையில் இருந்தாலும் அவர் அந்தக் குரலுக்கு உள்ளேதான் இருந்தார்.

மிஷன் பக்கத்துக்கும் தன் வேதம் இருந்தது. ஜெபிக்கும்போது பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல்தான், சபையில் அவள் பேசாமலிருக்கட்டும் என்றும் எழுதினார். குப்பாயத்தைத் தைத்துக்கொடுத்த மிஷனரிகளின் மனைவிமார் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். அடிமைப் பிள்ளைகள் சிலர் லேஸ் விற்ற காசிலேயே தங்களை மீட்டுக்கொண்டார்கள். வேதவசனம் எதுவானாலும் அந்தக் காசு அவர்கள் கையால் சம்பாதித்தது. லேஸைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இனி சுசீந்திரத்துக்கு வாருங்கள். தோள்சீலைக் கலவரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரணியலிலும் கல்குளத்திலும் நின்றுவிடுகிறார்கள். இந்த நாட்டுக்காரன் பெண்ணை எப்படிப் பார்த்தான் என்பது சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் ஸ்தல புராணத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

அத்திரி முனிவர் ஊரில் இல்லாத நேரம். மும்மூர்த்திகளும் பிராமண வேடத்தில் வந்து அவர் மனைவி அனசூயையிடம் அன்னம் கேட்கிறார்கள். இலை போட்ட பிறகு, உடுத்த துணி இல்லாமல் பரிமாறினால்தான் உண்போம் என்கிறார்கள். அவள் கணவனின் பாததீர்த்தத்தைத் தெளிக்கிறாள், மூவரும் கைக்குழந்தைகளாகிறார்கள், மடியில் போட்டுப் பாலூட்டுகிறாள். பிறகு மூன்று தேவிமாரும் வந்து புருஷன்மாரைத் திருப்பிக் கேட்கிறார்கள். பெண்ணின் துணியை அவிழ்க்கச் சொன்ன கடவுளரை ஒரு பெண் பிள்ளைகளாக்கிய கதை இது. இதைக் கேட்டு வளர்ந்த ஊரில் இருந்து கூப்பிடு தூரத்துச் சந்தைகளில்தான் சீலை கிழிக்கப்பட்டது. கதையைச் சொன்னவர்கள் அதன் பெருமையைப் பாததீர்த்தத்தில் வைத்தார்கள். எனக்கு அது அனசூயையின் மனத்திட்பமாகத்தான் படுகிறது.

அதே கோயிலில் இன்னொரு கதை. அகலிகையிடம் தவறு செய்து கௌதமரின் சாபம் பெற்ற இந்திரன் சுத்தமானது இங்கேதான். இன்றும் ராத்திரிப் பூஜைக்கு அவனே வருகிறான் என்று நம்பிக்கை. அகலிகை கல்லாகக் கிடந்தாள். இந்திரனுக்கோ சுத்தமாவதற்கு ஒரு ஊர் கிடைத்தது.

இது வெறும் புராணமாக நின்றுவிடவில்லை. ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் வடக்கே இருந்தெல்லாம் சுசீந்திரத்துக்கு வந்து கைமுக்கு நடத்தினார்கள். கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு, உள்ளே கிடக்கும் ரிஷப விக்கிரகத்தை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி, மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருக்காவிட்டால் நிரபராதி. கொடூரமான வழக்கம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் தன்னை நிரூபிக்க அந்த ஆணுக்கு ஒரு சந்நிதி இருந்தது. அதே குற்றத்தில் சிக்கிய அந்தர்ஜனத்துக்கு, அதாவது நம்பூதிரிப் பெண்ணுக்கு, ஸ்மார்த்த விசாரம் என்ற சாதி விசாரணை. குற்றச்சாட்டு எழுந்த நாளிலிருந்தே அவளைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். ‘சாதனம்’ என்றுதான் சொல்வார்கள். குற்றம் உறுதியானால் உயிரோடு இருக்கிறவளுக்கே பிண்டம் வைத்துக் குடும்பத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். 1905-ல் கொச்சி நாட்டில் குறியேடத்துத் தாத்ரி, தன்னோடு தொடர்புடைய அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயரை அடையாளத்தோடு சொல்லி அந்த விசாரணையையே ஆட்டிவைத்தாள். அவளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அனசூயை ஞாபகம்தான் வருகிறது. கைமுக்கை நிறுத்தியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. அந்த நன்மையை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அதே மகாராஜாவைக் கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் சந்திக்கப் போகிறோம்.

சுசீந்திரத்திலிருந்து குமரிக்குப் போகிற சாலையில் வழுக்கம்பாறை இருக்கிறது. தாணுமாலயன் குமரிப் பகவதியை மணக்க மாப்பிள்ளையாகப் புறப்பட்டு, அதுவரை வந்தபோது நாரதர் சேவலாய்க் கூவினார் என்பது கதை. விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை திரும்பிப் போனார். பாணாசுரனைக் கன்னிதான் கொல்ல முடியும் என்று வரம். ஆகவே தேவர்கள் கூடி அவள் கல்யாணத்தை நிறுத்தினார்கள். சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் கடற்கரை மணலாகிவிட்டன. அவள் பாணாசுரனைக் கொன்றாள், உலகம் பிழைத்தது, அவள் மட்டும் மூக்குத்தியோடு மணமேடைக் கோலத்திலேயே நின்றுவிட்டாள். யாரும் அவளிடம் சம்மதம் கேட்டதாகப் புராணத்தில் இல்லை. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் இந்தக் கதையைச் சொல்லும்போது அசுரனைக் கொன்ற இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கல்யாணம் நின்ற இடத்தில்தான் குரல் தாழும். இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததே இந்த ஒரு கதைக்காக என்றுகூடச் சொல்லலாம்.

அந்தக் கல்யாணத்தை நடத்திவைக்க ஒருவர் வந்தார். சுசீந்திரத்துக்கும் குமரிக்கும் நடுவில் இருக்கிறது சாமித்தோப்பு, அன்றைய பூவண்டன்தோப்பு. 1809-ல் அங்கே பிறந்த அய்யா வைகுண்டரை, 1833-ல் நோயாளியாகத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனவர்கள் அவர் தாய் வெயிலாளும் மனைவி திருமாலம்மாளும். கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வெளியே வந்தார் என்பது நம்பிக்கை. மகனே என்று ஓடிவந்த தாயிடம், இனி நான் நாராயணர் பிள்ளை, உன் பிள்ளை இல்லை என்றாராம். வைகுண்டரை இந்த நாட்டின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவராக நான் மதிக்கிறேன். ஆனாலும் வெயிலாளை நினைத்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. பெற்றவள் கடற்கரையில் நிற்க, பிள்ளை ஊருக்குச் சாமியாகிறான்.

அவர் செய்த காரியங்கள் சாதாரணமானவை அல்ல. ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். முந்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கச் சொன்னார். நாடார் பெண் இடுப்பில் குடம் எடுக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் இதெல்லாம் நடந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா சுசீந்திரத்தில் இருந்தபோதுதான் அவர்மேல் புகார் போனது என்கிறது அய்யாவழி மரபு. கைமுக்கை நிறுத்திய மகாராஜா, வைகுண்டரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்.

1841-ல் தாமரைகுளத்தில் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில், வைகுண்டர் குமரிப் பகவதியைத் திருமணம் செய்துகொள்கிறார். மண்டைக்காட்டாள் உட்பட மற்றத் தேவிமாரையும் கொண்டுவந்து சேர்த்துக்கொள்கிறார். சாமித்தோப்பில் கார்த்திகை மாதத்தில் 17 நாள் இந்தத் திருஏட்டை வாசிக்கும்போது, திருக்கல்யாணப் பகுதிக்குத் தனிக் கூட்டம். அடுப்பங்கரைகளில் நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லப்பட்ட துக்கம், ஏட்டில் கல்யாணமாக முடிகிறது. பகவதியின் கன்னிமையை ஒரு புதிய வேதம் எடுத்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. அவளிடம் இப்போதும் யாரும் கேட்கவில்லையே என்று கேட்கிறவர்களும் இருக்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் தாணுமாலயன் கோயிலுக்குள் கால்வைக்க அனுமதி இல்லாதவர்கள், கோயில் கட்டிக் காத்துவந்த கதையின் முடிவைத் தங்கள் ஏட்டில் மாற்றி எழுதினார்கள் என்பதை நான் ஒரு கிளர்ச்சியாகவே வாசிக்கிறேன். அய்யாவின் கூட்டத்தில் இருந்த பெண்களும் அன்றைக்குச் சீலை பிடுங்கப்பட்டவர்களே.

பக்கம் முடிகிறது, ஜூலை 26 இன்னும் மிச்சம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை கவர்னர் டிரவெல்யன் கொடுத்த நெருக்குதலில், திவான் மாதவராவ் காலத்தில், உத்திரம் திருநாள் மகாராஜாவின் பெயரில் அறிக்கை வந்தது. கிறிஸ்தவப் பெண்களைப்போல எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களான முக்குவத்திகளைப்போல முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மாரை மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது. 1829-ல் இந்துப் பெண்ணுக்கு மறுத்ததை முப்பது வருஷம் கழித்துக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதும் ஒரு வரியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வரியை நம் பெண்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம். மார்த்தா மால்ட்டின் லேஸும் அப்போது.

(தொடரும்)